லினக்ஸில் தானாக மாறும் மின்னஞ்சல் கையொப்பம்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

மடலின் அடியில், பெயருக்குக் கீழே, கணினி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது, எந்தக் கர்னல் (லினக்ஸின் மையக் கரு), லோட் (வேலைச் சுமை) எவ்வளவு என்று ஒரு வரி தானாக மாறிக்கொண்டே இருக்கட்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதிவிட்டீர்கள். டெர்மினலில் ஓட்டினால் அழகாக வருகிறது. மடல் நிரலில் மட்டும் வரவில்லை, அல்லது கோணல்மாணலாக வருகிறது, அல்லது நேற்றைய தகவலே வருகிறது. இந்த மூன்றுக்குள்தான் பெரும்பாலான புலம்பல்கள் அடங்கும். ஸ்கிரிப்டில் தவறு இருப்பது குறைவு. டெர்மினலில் நீங்கள் ஓட்டும்போது இருக்கிற சூழல் வேறு, கிரானோ (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) மடல் நிரலோ அதையே ஓட்டும்போது இருக்கிற சூழல் வேறு, அந்த இடைவெளியில்தான் முக்கால்வாசிப் பிழைகள் ஒளிந்திருக்கும். (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.)

அறிகுறிக்குப் போகும் முன் உங்கள் மடல் நிரல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மட், ஆல்பைன் இரண்டிலும் கையொப்பக் கோப்பின் பெயருக்குக் கடைசியில் | குறி போட்டால் அதைக் கோப்பாகப் படிக்காமல் கட்டளையாக ஓட்டி, வெளியீட்டை எடுத்துக்கொள்ளும். கேமெயிலில் அடையாள அமைப்புக்குள் கையொப்பத்தைக் கட்டளையின் வெளியீட்டிலிருந்து எடு என்று ஒரு தேர்வு உண்டு, கிளாஸ் மெயிலிலும் கணக்கு அமைப்பில் அதேபோல உண்டு. எவல்யூஷனில் கையொப்பப் பட்டியலில் ஸ்கிரிப்ட் சேர்க்கத் தனிப் பொத்தானே இருக்கிறது. தண்டர்பேர்ட் மட்டும் எதையும் ஓட்டாது, கோப்பிலிருந்து படிக்க மட்டும் செய்யும். ஆகவே தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேலை இரண்டு: ஸ்கிரிப்ட் எழுதுவது ஒன்று, அதை அவ்வப்போது ஓட்டி ஒரு கோப்பில் கொட்டிவைக்க கிரானையோ சிஸ்டம்டி டைமரையோ (அதே வேலைக்கு இன்னொரு வழி) ஏற்பாடு செய்வது இன்னொன்று.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். என்வ் கட்டளைக்கு -ஐ (ஆங்கில i) என்ற தேர்வைக் கொடுத்து, பின்னால் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் தந்து ஓட்டுங்கள். அது உங்கள் சூழல் மாறிகள் அத்தனையையும் உருவிவிட்டு வெறும் உடம்போடு ஸ்கிரிப்டை ஓட்டும். அங்கேயே உடைந்தால் ஸ்கிரிப்ட் உங்கள் சூழலை நம்பி நிற்கிறது, கை வைக்க வேண்டியது ஸ்கிரிப்டில், ஒழுங்காக வந்தால் அநேகமாக மடல் நிரலில் அல்லது நேரம் குறிக்கும் ஏற்பாட்டில். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கை வைத்தால் நாள் போவதே தெரியாது.

கையொப்பமே வரவில்லை

ஸ்கிரிப்டுக்கு ஓடும் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் சிஎச்மாட் +எக்ஸ். டெர்மினலில் "பாஷ், இந்தக் கோப்பை ஓட்டு" என்று நீங்கள் சொல்லி ஓட்டியிருந்தால் அனுமதி இல்லாமலும் ஓடியிருக்கும், அதனால்தான் அங்கே வேலை செய்தது. முதல் வரியில் #! தொடங்கி எந்த ஷெல் (பாஷ் போல, கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) என்று எழுதியிருக்கிறதா என்பது அடுத்தது. அந்த வரி சரியாக இருந்தும் "தவறான இன்டர்ப்ரெட்டர்" என்று பிழை வந்து, அதன் வாலில் ^எம் என்று ஒட்டிக்கொண்டிருந்தால், கோப்பு விண்டோஸ் எடிட்டர் வழியாக வந்திருக்கிறது, வரி முடிவுகள் இரண்டு எழுத்தாக இருக்கின்றன. டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்தது.

வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் ~ குறியை ஷெல்தான் விரிக்கும், எல்லா நிரலும் விரிக்காது. அமைப்புப் பெட்டியில் / என்று தொடங்கும் முழுப் பாதையையே கொடுத்துவிடுங்கள். எவல்யூஷன்காரர்களுக்கு இன்னொன்று: நீங்கள் சேர்க்கும் ஸ்கிரிப்டை அது நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை, தன் கோப்புறையிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு மட்டும் போடுகிறது. பிறகு ஒருநாள் ஸ்கிரிப்டுகளை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று வேறு கோப்புறைக்கு மாற்றினால் கையொப்பம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கையொப்பத்துக்குப் பதில் ஸ்கிரிப்டின் வரிகளே மடலில் வருகின்றன

மட்டிலோ ஆல்பைனிலோ கடைசி | விடுபட்டிருக்கிறது. தண்டர்பேர்டில் என்றால் வெளியீட்டுக் கோப்பைக் காட்டுவதற்குப் பதில் ஸ்கிரிப்டையே காட்டியிருக்கிறீர்கள். யாருக்காவது அனுப்பும் முன் கண்ணில் பட்டால் நல்லது.

தண்டர்பேர்டில் கோப்பைக் காட்டினாலும் காலியாகவே இருக்கிறது

உபுண்டு 24.04 முதல் தண்டர்பேர்ட் ஸ்னாப் பொதியாகத்தான் (கூண்டுக்குள் ஓடும் பொதி) வருகிறது. ஸ்னாப்புக்கு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் போக அனுமதி உண்டு, ஆனால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளைத் தொட அனுமதி இல்லை. காலங்காலமாக யூனிக்ஸ் ஆட்கள் கையொப்பத்தை வைக்கிற .சிக்னேச்சர் கோப்போ புள்ளியில்தான் தொடங்குகிறது! பழைய கணினியில் வருடக்கணக்கில் ஓடிய அமைப்பு, புதிய உபுண்டுவுக்கு மாறியதும் நின்றுபோனால் முதல் சந்தேகம் இங்கேதான். புள்ளி இல்லாத ஒரு சாதாரணக் கோப்புறை உண்டாக்கி வெளியீட்டை அங்கே எழுதச் சொல்லுங்கள், போதும்.

ஃபிளாட்பேக் பதிப்பு (அதுவும் கூண்டுக்குள் ஓடும் பொதிதான்) என்றால் கட்டுப்பாடு வேறு மாதிரி. வீட்டுக் கோப்புறை முழுவதும் திறந்திருக்காது, எந்தக் கோப்புறை வேண்டுமோ அதற்கு மட்டும் ஃபிளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையால், அல்லது ஃபிளாட்சீல் என்ற நிரலில் பொத்தானைத் தட்டி, அனுமதி கொடுக்க வேண்டும். எவல்யூஷனை ஃபிளாட்பேக்கில் போட்டவர்களுக்கு ஒரு வேடிக்கையும் காத்திருக்கிறது: ஸ்கிரிப்ட் அந்தக் கூண்டுக்குள்ளேயே ஓடும், அங்கே /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படித்தால் உங்கள் டெபியனோ ஃபெடோராவோ வராது, கூண்டுக்கு அடியில் இருக்கும் ரன்டைமின் பெயர்தான் வரும். வெளிக் கணினியின் கோப்பு /ரன்/ஹோஸ்ட்/ஓஎஸ்-ரிலீஸ் என்ற பாதையில் கிடைக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்கள். கர்னல் பதிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கர்னல் ஒன்றுதான்.

வருகிறது, ஆனால் பழைய தகவல்

இதுதான் அதிகம் பேரைச் சுற்றவிடுவது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோப்பை யார் புதுப்பிக்கிறார்கள் என்று பாருங்கள். கிரான் என்றால், கோப்பின் கடைசி மாற்ற நேரம் நகர்கிறதா? நகரவில்லை என்றால் கிரான் அந்த வரியை ஓட்டவே இல்லை, அல்லது ஓட்டித் தோற்றிருக்கிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிரான் சேவையின் பதிவைப் பாருங்கள் (டெபியன், உபுண்டுவில் கிரான், ஃபெடோரா வகைகளில் கிரான்டி என்று பெயர்). வரி ஓடியதாகப் பதிவு இருந்தும் கோப்பு மாறவில்லை என்றால், கிரானின் பாத் மாறி (கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல்) மிகச் சிறியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: பொதுவாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டோடு சரி. வீட்டில் சொந்தமாக வைத்திருக்கும் பின் கோப்புறை, பாஷ்ஆர்சியில் (பாஷின் அமைப்புக் கோப்பு) போட்ட மாற்றுப்பெயர்கள், அங்கே ஏற்றுமதி செய்த மாறிகள், எதுவும் அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாத் மாறியை ஒரு வரியில் எழுதிவிடுவது சுலபமான மருந்து.

அடுத்தது % குறி. தேதிக் கட்டளையை நேரடியாகக் கிரான்டேப் (கிரானின் வேலைப் பட்டியல்) வரியிலேயே எழுதி, வடிவத்துக்கு %டி, %எம் என்று போட்டிருந்தால், கிரான் முதல் % குறியோடு கட்டளையை வெட்டிவிடும். அதற்குப் பின்னால் இருப்பதைக் கட்டளைக்குத் தரும் உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும், அந்த % இருந்த இடத்தைப் புது வரியாகவும் மாற்றும். டெர்மினலில் அதே வரியை ஒட்டினால் ஓடும், கிரானில் ஓடாது, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு % முன்னாலும் \ போடலாம், அதைவிடக் கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளி, கிரான்டேப்பில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் வைப்பது நல்லது. அப்புறம், கிரான்டேப் கோப்பின் கடைசி வரி முடிந்ததும் ஒரு என்டர் இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறப்பார்கள், அது இல்லாவிட்டால் அந்த வரி ஓடாமல் போகலாம்.

மடிக்கணினி என்றால் இன்னொரு கோணம். மூடி வைத்திருந்த நேரத்தில் தவறிய வேலையைக் கிரான் திரும்பிப் பார்க்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கு இது பெரிய விஷயமில்லை, காலை ஆறு மணிக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால் அந்தக் கோப்பு நாள்கணக்கில் பழசாகக் கிடக்கும். சிஸ்டம்டி பயனர் டைமரில் ஆன்கேலண்டர் அமைப்போடு பெர்சிஸ்டன்ட் என்பதை உண்மை என்று வைத்தால், கணினி அணைந்திருந்தபோது தவறியதை அடுத்த தடவை டைமர் தொடங்கும்போது ஓட்டிவிடும். ஆனால் பயனர் டைமர்கள் நீங்கள் லாக்அவுட் செய்ததும் நின்றுவிடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து மட்டில் மடல் எழுதுபவர்கள் லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் ஒரு முறை கொடுத்து வைக்க வேண்டும்.

கோப்பு புதிதாகத்தான் இருக்கிறது, மடலில் மட்டும் பழசு என்றால் மடல் நிரல் எப்போது படிக்கிறது என்று யோசியுங்கள். எழுதும் சாளரம் திறக்கும்போதே கையொப்பம் ஒட்டப்பட்டுவிடுகிறது, அனுப்பும்போது இல்லை. நேற்று வரைவாகச் சேமித்ததை இன்று திறந்து அனுப்பினால் நேற்றைய அப்டைம்தான் (கணினி அணையாமல் ஓடிய நேரம்) போகும், இதில் கோளாறு எதுவும் இல்லை. மட்டில் | போடுவதற்குப் பதிலாகச் சாய்வு ஒற்றை மேற்கோளுக்குள் (` குறிக்குள்) கட்டளையை எழுதினால் வேறு கதை: அது அமைப்புக் கோப்பைப் படிக்கும் அந்த ஒரே தடவைதான் ஓடும், ஓடி வந்த வெளியீட்டையும் கோப்பின் பெயர் என்று நினைத்துக்கொண்டு தேடப் போகும்.

எண்கள் தப்பாக வருகின்றன

முதலில் அப்டைம். அந்தக் கட்டளையின் வெளியீட்டை ஆக் (வரியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கும் கட்டளை) வைத்து மூன்றாவது சொல்லை வெட்டி எடுக்கும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். கணினி தொடங்கி ஐந்து நிமிடம் என்றால் மூன்றாவது சொல் 5, நான்காவது மின் என்று நிமிடத்தைக் குறிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் 2:10 என்று வாலில் காற்புள்ளியோடு வரும். மூன்று நாள் கழித்து அங்கே 3 மட்டும் இருக்கும், நாள் என்ற சொல் நான்காவதில், மணி ஐந்தாவதில். ஆக, ஸ்கிரிப்ட் எழுதிய அன்று சரியாக இருந்த கையொப்பம் மறுநாள் "3 மணி நேரமாக ஓடுகிறது" என்றோ "2:10, நாள்" என்றோ உளற ஆரம்பிக்கும். அப்டைம் -பி கொடுத்தால் படிக்கத் தகுந்த வாக்கியமாகத் தரும், ஆனால் ஆங்கிலத்தில்.

நம் விருப்பப்படி வேண்டுமென்றால் /ப்ராக்/அப்டைம் கோப்பைப் படியுங்கள். அதில் இரண்டு எண்கள்தான், முதலாவது கணினி தொடங்கியதிலிருந்து ஆன வினாடிகள். 277860.41 என்று இருக்கிறது என்று வையுங்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முதலில் வெட்டிவிடுங்கள், பாஷின் கணக்குக்குத் தசமம் ஆகாது, பிழை காட்டும். 277860 வினாடியை 86400 ஆல் வகுத்தால் 3 நாள், மீதி 18660. அதை 3600 ஆல் வகுத்தால் 5 மணி, மீதி 660 வினாடி, அதாவது 11 நிமிடம். "3 நாள் 5 மணி 11 நிமிடம்" என்று தமிழிலேயே அச்சிடலாம், எந்த நாளும் வடிவம் மாறாது. இரண்டாவது எண்ணைத் தவறி எடுத்துவிடாதீர்கள், அது எல்லாக் கோர்களும் சும்மா இருந்த நேரத்தின் கூட்டு, எட்டுக் கோர் இருந்தால் முதல் எண்ணைவிடப் பல மடங்குகூட வரும்.

மடிக்கணினியை வாரம் முழுக்க மூடித் திறந்து வேலை செய்தவர், "பத்து மணி நேரம்தானே ஓடியிருக்கும், ஏழு நாள் என்கிறதே" என்றால், அந்தக் கோப்பு தூங்கிய நேரத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. பிழையில்லை.

கர்னல் பதிப்பு. புதுப்பித்த பிறகும் யூநேம் -ஆர் பழைய எண்ணையே சொல்கிறது என்றால், கணினியை இன்னும் மறுதொடக்கம் செய்யவில்லை, வட்டில் இருப்பதை அது சொல்லாது, இப்போது ஓடுவதைத்தான் சொல்லும். டெபியனில் மறுதொடக்கம் செய்தும் 6.1.0 என்றே நின்றால் அதுவும் சரிதான். அங்கே யூநேம் -ஆர் தருவது டெபியன் தன் பொதிக்கு வைத்திருக்கும் பெயர், மூலப் பதிப்பின் கடைசி எண் யூநேம் -வி வெளியீட்டின் நடுவில் இருக்கும்.

வெப்பநிலை 48000 என்று வந்தால் பயப்பட வேண்டாம், தெர்மல் கோப்பு ஒரு டிகிரியை ஆயிரமாகப் பிரித்துத்தான் தரும், ஆயிரத்தால் வகுங்கள். லோட் ஆவரேஜைச் சதவீதம் என்று அச்சிடாதீர்கள், அது சதவீதம் இல்லை. ஓடுகிற, ஓடக் காத்திருக்கும் பணிகளோடு வட்டுக்காக முடங்கி நிற்கும் பணிகளையும் லினக்ஸ் அதில் சேர்த்துக்கொள்கிறது, ஒரு கோர் கணினியில் 4 என்பது மூச்சுத் திணறல், பதினாறு கோரில் அது ஒன்றுமே இல்லை.

நடுவில் [32எம் போன்ற குப்பை, அல்லது எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி

முதல் வகை நிறக் குறியீடுகள். நியோஃபெட்ச் போன்றவற்றின் வெளியீட்டை அப்படியே எடுத்தால் டெர்மினலுக்கான நிறக் கட்டளைகளும் சேர்ந்து வரும். நியோஃபெட்சுக்கு --எஸ்டிடிஅவுட் என்ற தேர்வு உண்டு, லோகோவும் நிறமும் இல்லாமல் தரும். ஆனால் அந்தத் திட்டம் 2024-ல் காப்பகத்துக்குப் போய்விட்டது, இனி புதிதாக எழுதுபவர்கள் அதை நம்ப வேண்டாம். இரண்டு வரித் தகவலுக்கு இவ்வளவு பெரிய நிரல் எதற்கு என்பது என் கட்சி, ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் ப்ரிட்டி_நேம் என்ற வரியும் ப்ராக் கோப்புகளும் இருக்கும்போது.

இரண்டாவது வகை தமிழில் கையொப்பம் வைக்கும் நமக்கே உரியது. உங்கள் டெர்மினலின் மொழி ta_IN ஆக, அதாவது தமிழ் லொக்கேலாக, இருந்தால் தேதிக் கட்டளை "ஜனவரி" என்று தமிழில் தரும், கிரானிலோ ஆங்கிலத்தில் தரலாம், காரணம் மொழியைச் சொல்லும் உங்கள் லாங் மாறி அங்கே வராமல் போவது. ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்சி_ஆல் மாறியைத் தமிழ் யுடிஎஃப்-8 லொக்கேலாக வைத்து ஏற்றுமதி செய்யுங்கள், ஆனால் லொக்கேல் -ஏ பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இல்லாத லொக்கேலைக் கேட்டால் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடும்.

வரியின் கடைசியில் மட்டும் ஒரு உடைந்த கட்டம் வந்தால், எங்கோ கட் -சி போட்டு நீளத்தை வெட்டியிருப்பீர்கள். பல டிஸ்ட்ரோக்களில் அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், "கி" என்பதற்கு ஆறு. நடுவில் கத்தி விழுந்தால் எழுத்து சிதையும்.

வரிகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன

எச்டிஎம்எல் மடலாக எழுதுகிறீர்கள், வெளியீட்டையும் நிரல் எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறது, அங்கே வெறும் என்டருக்கு மதிப்பில்லை. வெளியீட்டை ப்ரீ குறிச்சொல்லுக்குள் வையுங்கள், அல்லது வரிக்கு வரி பிஆர் குறி போடுங்கள். < குறி தகவலில் இருந்தால் அதையும் மாற்றி எழுத வேண்டும்.

வெற்று உரை மடலிலேயே ஒட்டிக்கொண்டால், அதுவும் வாங்குபவர் திரையில் மட்டும் ஒட்டினால், வரிகளின் கடைசியில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3676 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் ஃப்ளோட் வடிவத்தில், இடைவெளியோடு முடியும் வரி அடுத்த வரியோடு சேரும் என்று பொருள். பிரிண்ட்எஃப் வைத்து அகலம் சமன் செய்தால் இந்த இடைவெளிகள் தாமாக வந்துவிடும்.

கோடு இரண்டு தடவை வருகிறது, அல்லது கையொப்பம் பதில் மடலிலும் தொடர்கிறது

கையொப்பத்துக்கு மேலே வர வேண்டியது இரண்டு சிறுகோடு, பின் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். மட், தண்டர்பேர்ட் இரண்டும் அதைத் தாமே போடும், ஸ்கிரிப்டும் போட்டால் இரட்டையாகும், ஸ்கிரிப்டில் எடுத்துவிடுங்கள். மாறாக, நிரல் போடாமல் நீங்கள் போட வேண்டிய இடத்தில் அந்தக் கடைசி இடைவெளியை உங்கள் எடிட்டர் "வெட்டி இடைவெளி" என்று துடைத்திருந்தால், பதில் எழுதுபவரின் நிரலுக்கு அது கையொப்பம் என்றே தெரியாது. அப்புறம் ஒவ்வொரு பதிலிலும் உங்கள் லோட் ஆவரேஜ் மேற்கோளாக நீண்டுகொண்டே போகும்.

எழுதும் சாளரம் திறக்க நேரமாகிறது, சில சமயம் உறைகிறது

ஸ்கிரிப்ட் வலையைத் தொடுகிறதா? வெளி ஐபி முகவரி, வானிலை என்று கர்ல் வைத்து ஏதாவது எடுத்தால், இணைப்பு மந்தமான அன்று மடல் நிரல் அதற்காகவே காத்து நிற்கும். டைம்அவுட் 2 என்று முன்னால் போட்டால் இரண்டு வினாடியில் வெட்டிவிடும். வலைத் தகவலைக் கையொப்பக் கட்டளைக்குள் வைக்கவே வேண்டாம், டைமர் எடுத்து ஒரு கோப்பில் வைக்கட்டும், ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை மட்டும் படிக்கட்டும். சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) எங்காவது இருந்தால் அது கடவுச்சொல் கேட்டு நிற்கலாம், கேட்பது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம்.

பழைய குறிப்புகளில் எம்கேஃபிஃபோ வைத்து .சிக்னேச்சர் கோப்பையே ஒரு பைப்பாக (ஒரு நிரல் எழுத இன்னொன்று படிக்கும் குழாய்) மாற்றும் உத்தி இருக்கும். படிக்கும்போதெல்லாம் பின்னணி நிரல் புதிதாக எழுதித் தரும், கேட்க அழகு. அந்தப் பின்னணி நிரல் செத்துப்போனால், படிக்க வந்த மடல் நிரல் யாராவது எழுதுவார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கும்.  இன்றைக்கு இது தேவையில்லை.

எப்போதாவது ஒரு தடவை காலியாக வருகிறது

ஸ்கிரிப்டின் வெளியீட்டை > போட்டு நேரே கையொப்பக் கோப்புக்குத் திருப்பியிருக்கிறீர்கள். ஷெல் முதலில் கோப்பைக் காலியாக்கும், பிறகுதான் ஸ்கிரிப்ட் ஓடும். அந்த இடைவெளியில் மடல் எழுதத் திறந்தால் வெறுமைதான் கிடைக்கும், ஸ்கிரிப்ட் பாதியில் தோற்றாலோ அடுத்த சுற்று வரை வெறுமையே நிற்கும். அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எழுதி முடிந்தது தவறில்லை என்றால் மட்டும் எம்வி கட்டளையால் பெயர் மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடிப்பில் நடக்கும், பாதி எழுதிய நிலை யார் கண்ணிலும் படாது. இலக்கு ஒரு இணைப்பாக இருந்தால் மட்டும் கவனம், எம்வி அந்த இணைப்பையே அழித்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் சரியாக வருகிறது, மற்றவர்கள் முனகுகிறார்கள்

நீளம் என்றால் முனகலில் நியாயம் உண்டு, 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1855 கையொப்பத்துக்கு நான்கு வரி போதும் என்கிறது. இன்னொரு வகை முனகல் அலுவலகப் பாதுகாப்புக் குழுவிடமிருந்து வரும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். யூநேம் -ஏ போட்டால் கணினியின் பெயரும் சேர்ந்து போகிறது, முதலில் அதை எடுங்கள். அப்டைமும் கர்னல் பதிப்பும் ஒரே வரியில் நின்றால், இத்தனை நாளாக மறுதொடக்கமே இல்லை, ஆக அதற்குப் பிறகு வந்த கர்னல் திருத்தங்கள் இங்கே ஓடவில்லை என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. லைவ்பேட்ச் (மறுதொடக்கம் இல்லாமலே கர்னலைத் திருத்தும் வசதி) போட்டிருந்தால் விதிவிலக்கு. பொது மடற்குழுக்களின் காப்பகம் வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும். சர்வரிலிருந்து போகும் மடலில் இரண்டையும் வைக்காதீர்கள். வீட்டு மடிக்கணினி என்றால் அப்டைம் ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம், அதுவும் நண்பர்களுக்குப் போகும் அடையாளத்தில் மட்டும். தண்டர்பேர்ட், கேமெயில் இரண்டிலும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் தனித்தனிக் கையொப்பம் வைக்க வழி இருக்கிறது.